கடுதாசி என்ன சொல்லுது?

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டிற்காக ஹட்டனுக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைத் தாண்டியதும் ஜன்னல் வழியே வரும் குளிர், முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நான் சேர்த்துவைத்திருந்த சலிப்பையெல்லாம் கழுவிவிடும். ஊருக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு எனக்கு அங்கே இப்போது வீடு இல்லை. நாங்கள் இருந்த லயத்தில் இன்று வேறு யாரோ இருக்கின்றார்கள். இருந்தாலும் ஹட்டன் நிலையத்தில் இறங்கும்போது ஊருக்கு வந்துவிட்டதாகத்தான் மனம் சொல்கிறது.

(தூர தேசங்களிலிருந்து வாசிக்கும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் தொடர் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு. முன்னால் ஒரு சிறு திண்ணை. அதை இஸ்தோப்பு என்போம்.)

மணமகன் என் பால்ய நண்பனின் மகன். நண்பனின் மகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான்காந்தரத்துக்கு ஆசிரியை. கல்யாணச் சந்தடி அடங்கிய மறுநாள், "மாமா, நாளைக்கு எங்கள் வகுப்புக்கு வாருங்களேன். பிள்ளைகள் பத்திரிகைக்காரர் ஒருவரைப் பார்த்ததில்லை" என்று அழைத்தாள். பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று சிரித்தேன். ஆனாலும் போனேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். மூடுபனி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியை ஒரு பயிற்சித்தாளைக் கொடுத்து ஒரு சிறுமியை எழுப்பி வாசிக்கச் சொன்னாள். கடலோரக் கிராமம் ஒன்றைப் பற்றிய பந்தி அது. புயல் எச்சரிக்கையைக் கேட்ட மீனவர்கள் வலைகளைக் கரையேற்றிவிட்டு வீடு திரும்புகின்றார்கள். மறுநாள் சந்தையில் மீன் விலை உயர்கின்றது. சிறுமி குழாயிலிருந்து தண்ணீர் விழுவதுபோல் தடையின்றி வாசித்தாள். ழகரம் சுத்தம், றகரம் சுத்தம். நான் கைதட்டவே போய்விட்டேன்.

"மீனவர்கள் எதைக் கரையேற்றினார்கள்?" என்று ஆசிரியை கேட்டாள்.

"வலைகளைக் கரையேற்றினார்கள்."

"மீன் விலை ஏன் உயர்ந்தது?"

சிறுமி தாளைப் பார்த்தாள். விரல் வரிகளின்மேல் ஓடியது. பின் நிமிர்ந்து, "மறுநாள் சந்தையில் மீன் விலை உயர்ந்தது" என்றாள். வேறு நால்வரை எழுப்பிக் கேட்டபோதும் அதே வாக்கியந்தான் திரும்பி வந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை, ஆகவே மீன் வரவில்லை, ஆகவே விலை ஏறியது என்ற மூன்று படிகளில் ஒன்றுகூடத் தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை அவர்கள் வாசிக்கவில்லை.

அப்படியானால் முதற் கேள்விக்குச் சரியான விடை எப்படி வந்தது? நீங்களே சோதித்துப் பாருங்கள். 'பொரண்டி ஒன்று சிமிளத்தில் கவந்துகொண்டிருந்தது' என்று ஒரு வாக்கியம். பொரண்டி எங்கே கவந்துகொண்டிருந்தது? சிமிளத்தில். சிமிளத்தில் கவந்துகொண்டிருந்தது எது? பொரண்டி. இரண்டு கேள்விக்கும் முழுப் புள்ளி. பொரண்டி என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது நான் இந்த நிமிடம் கட்டிய சொல். வேற்றுமை உருபு எங்கே நிற்கிறது என்று தெரிந்த எவரும் தமிழில் இப்படி விடை எழுதிவிடலாம். நம் பிள்ளைகள் பலர் ஐந்து வருடமும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கின்றார்கள் என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு 1979ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அப்போது நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான்காம் வகுப்பு மாணவன். எங்கள் லயத்திலேயே நன்றாக வாசிக்கும் பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். அப்பா இல்லாத வேளைகளில் கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை. இந்தியாவுக்குப் போன உறவினர்கள் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எழுதும் கடிதங்களே அதிகம். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்துப்போட்ட குடும்பங்கள் எங்கள் லயத்தில் ஏராளம். அந்தக் கடிதங்களை வாசிப்பது சுலபம். அவை பேசுவதுபோலவே எழுதப்பட்டிருக்கும். வாசிக்கும்போதே இஸ்தோப்பில் யாராவது அழத் தொடங்குவார்கள். அதற்காகவே நான் குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன்.

எதிர்லயத்தில் ஓர் அப்பாயி இருந்தார். எனக்குச் சொந்த அப்பாயி அல்ல. எல்லோருக்கும் அவர் அப்பாயிதான். கணவர் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. ஒரு நாள் அவருக்குத் தட்டச்சில் அடித்த கடிதம் ஒன்று வந்தது. கணவரின் ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமான அரசாங்கக் கடிதம். அந்நாட்களில் அரசாங்கக் கடிதம் தமிழில் வருவதே அபூர்வம். அந்த அபூர்வந்தான் எங்களைக் கவிழ்த்தது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்திருந்தால் நேரே தோட்ட ஆபீஸுக்குக் கொண்டுபோயிருப்பார். தமிழாயிற்றே என்று என்னிடம் கொண்டுவந்தார்.

அப்பா அந்தக் கிழமை மாத்தளைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். நான் இஸ்தோப்பில் நின்று வாசித்தேன். மேற்குறித்த விடயம் தொடர்பாக இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப்பிரதியுடன் இன்ன திகதி முற்பகல் 9 மணிக்கு இக்காரியாலயத்தில் சமுகமளிக்குமாறு இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர் என்பதாக அது இருந்தது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அப்பாயி கேட்டார்: "என்னாய்யா சொல்லுது கடுதாசி?"

நான் மறுபடியும் வாசித்தேன்.

"அது சரி சாமி, நல்லாத்தான் படிக்கிறே. என்னா சொல்லுது?"

மூன்றாம் முறை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சமுகம் என்றால் ஆட்கள், அளித்தல் என்றால் கொடுத்தல். யாரோ யாருக்கோ எதையோ கொடுக்கின்றார்கள். நிதி என்றும் இருக்கிறது. "பணம் குடுப்பாங்களாம் அப்பாயி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். எனக்கு ஒரு துண்டு வெல்லம் கிடைத்தது.

ஒரு மாதங் கழித்துத்தான், பணம் இன்னும் வரவில்லையே என்று அவர் அந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டினார். திகதி எப்போதோ கடந்திருந்தது. பிறகு விண்ணப்பம், மறு விண்ணப்பம், கங்காணியின் கடிதம், கிராம சேவகரின் கடிதம் என்று இழுத்துக்கொண்டு போய்ப் பணம் கைக்கு வர ஒன்றரை வருடமாயிற்று. அதற்குள் அவருடைய காதுத் தோடு கடைத்தெரு அடகுக்குப் போய்விட்டது. அது திரும்பவில்லை. அப்பாயி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அப்பா அடித்திருந்தால்கூட நான் இதை மறந்திருப்பேனோ என்னவோ.

ஆசிரியையின் வகுப்பிலிருந்த அந்தச் சிறுமி என்னைப் போன்றவள். நன்றாக வாசிப்பதால் அவளை யாரும் சந்தேகிப்பதில்லை. எழுத்துக்கூட்டித் திக்குகின்ற பிள்ளையின் குறை காதுக்குக் கேட்கிறது. இந்தப் பிள்ளையின் குறை கேட்பதில்லை.

இதில் தமிழ் எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தெரியாமல் அதைச் சரியாக உச்சரிப்பது கடினம். தமிழில் 247 எழுத்தையும் கற்றுக்கொண்ட பிள்ளை எதை நீட்டினாலும் வாசித்துவிடும். இது நம் எழுத்தின் பெருமை. அதுவே பொறியாகவும் ஆகிவிடுகிறது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்து விளங்குதலை ஒரு பெருக்கற் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டு விளங்கும் திறன் மறு பக்கம். இரண்டையும் பெருக்க வேண்டுமே தவிரக் கூட்டக்கூடாது. ஒரு பக்கம் பூச்சியமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அந்த மறுபக்கந்தான் தோட்டத்தில் மெலிந்திருக்கிறது என்று சொன்னால், எங்கள் சனத்துக்கு மொழி குறைவு என்று சிலர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அப்படியல்ல. அவர்களிடம் வேறொரு தமிழ் நிறைய இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு 'மலை' என்றால் தேயிலை நிரைகள் நிற்கும் வேலைத்தளம். அம்மா தினமும் மலைக்குப் போய்த் திரும்புகிறாள். 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்' விழும். 'பேர் பெற்ற மருத்துவர்' என்று ஒரு கதையில் வந்தபோது, அந்த மருத்துவருக்கு அன்றைய சம்பளம் கிடைத்துவிட்டது என்று ஒரு பிள்ளை விளக்கியதாம். பிழையென்று எப்படிச் சொல்வது? 'மழை பெய்யாமையால்' என்ற சொல்லை விளங்கப்படுத்தப் படம் வரையச் சொன்னபோது, ஒரு பையன் மழையில் ஓர் ஆமையை வரைந்துவிட்டான். வீட்டில் 'மழ பேயாததுனால' என்று சொல்லும் பிள்ளைக்குப் 'பெய்யாமை' எங்கிருந்து வரும்? அந்தப் பையன் சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கின்றான் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றவர்கள் பார்க்காமலே கடந்துபோயிருப்பார்கள்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின் தலையில் வைத்தது. துரைமாருக்கு அதில் என்ன அக்கறை இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதிகளை மாற்றிக்கொண்டிருந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்கள். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்ன செய்ய முடியும்? நாலு வகுப்பைக் கோரஸாக வாசிக்க விட்டுவிட்டு ஐந்தாவதைக் கவனிக்கலாம். பிள்ளைகள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் பிரம்பு வரும். அந்த வாத்தியார்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மண்டபத்துக்குச் சுவர் எழும்பிய பிறகும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வந்த பிறகும் அந்தக் கோரஸ் மட்டும் போகவில்லை.

ஆசிரியர்கள் வந்த விதமும் ஒரு கதை. 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மாதம் 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ஆயிற்று. என் நண்பனின் மகளும் அவர்களில் ஒருத்தி. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியையாகும்வரை தகப்பன்தான் பஸ் காசு கொடுத்தான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில் வாராந்த மாணவர் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாக்கள்தான் அதன் உயிர். அந்தப் பக்கம் வரும் நாளில் மலையகத்தில் பத்திரிகை கூடுதலாக விற்கும் என்று விநியோகப் பகுதி சொல்லும். வாரம் ஒரு பந்தி, அதன் கீழ் ஐந்து கேள்வி. அவற்றைப் பல வாரங்கள் நானே எழுதினேன். அடுத்த கிழமை விடைகளை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்க வேண்டும். ஆகவே ஒரு சொல் விடை, இரு சொல் விடை. எங்கே, யார், எத்தனை, எப்போது. 'ஏன்' என்று கேட்டால் விடை நீளும், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், பெற்றோர் தொலைபேசியில் சண்டைக்கு வருவார்கள். நான் 'ஏன்' கேட்பதை நிறுத்திவிட்டேன். ஐந்து கேள்வியும் பொரண்டிக் கேள்விகள்.

வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆசிரியை ஒரு பழைய கொப்பியைக் காட்டினாள். 2003ஆம் ஆண்டு அவள் ஐந்தாந்தரம். அந்தப் பக்கங்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தாள். "உங்கள் பக்கத்தைப் படித்துத்தான் நான் புலமைப்பரிசில் சித்தியடைந்தேன் மாமா. அப்பா அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு நடப்பார்" என்றாள். உண்மையான நன்றியோடுதான் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "ஆறாந்தரத்தில் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று தெரிந்தது" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதே 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் நாடு முழுவதும் நான்காந்தர மாணவரைச் சோதித்தது. முதன்மொழியில் எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர்தான். இது மலையகக் கணக்கு அல்ல, முழு நாட்டின் கணக்கு. அந்தச் செய்தியும் என் மேசையைக் கடந்துதான் போயிருக்கும். அதையும் மாணவர் பக்கத்தையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதென்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் என்ற பெண்மணி 1970களின் பிற்பகுதியில் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து வாசிப்புப் பாடங்களை நிமிடக் கணக்கில் அவதானித்தார். 4,469 நிமிடங்கள். அதில், எப்படி விளங்கிக்கொள்வது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது மொத்தம் 20 நிமிடம். மற்ற நேரமெல்லாம் ஆசிரியர்கள் கேள்வி கேட்டு விடை சரியா பிழையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளங்கியதா என்று சோதிப்பதையே விளங்கவைப்பதாக அவர்கள் நம்பியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த ஆசிரியை வேறு என்ன செய்கிறாள் என்று பார்க்க மறுநாளும் போனேன். அன்று காலை அவள் கரும்பலகையில் தானே எழுதிய நாலு வரி இருந்தது. 'இரண்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்கிவிட்டது. மாலையில் அம்மா கயிற்றை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அடுத்த கிழமையிலிருந்து அம்மா ஆறாம் நம்பர் மலைக்குப் போகவேண்டும். அது தூரம்.' அவ்வளவுதான். (கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவது. சில வருடங்களுக்கு ஒரு முறை நடக்கும்.)

கடைசி வாங்கிலிருந்த ஒரு பையனை எழுப்பினாள். அவன் வாசிப்பதைக் கேட்பது கஷ்டம். 'கவ்வாத்து' என்ற சொல்லைக் கடக்க அவனுக்கு மூன்று மூச்சுத் தேவைப்பட்டது. முந்தைய நாள் அவன் வாயே திறக்கவில்லை.

"அம்மா எதற்குக் கயிறு கொண்டுபோனாள்?"

பலகையில் அதற்கு விடை இல்லை. முதல் நாள் அழகாக வாசித்த சிறுமி பலகையைத் தேடிக்கொண்டிருந்தாள். பையன் உடனே, "மிலாறு கட்ட" என்றான். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளைத்தான் மிலாறு என்பார்கள். தோட்டத்து அடுப்புக்கு அதுதான் விறகு.

"ஏன் ஆறாம் நம்பருக்குப் போகவேண்டும்?"

"கவ்வாத்து வெட்டின மலையில கொழுந்து ஏது டீச்சர்? தளுத்து வர மாசக்கணக்காகும்." பிறகு யாரும் கேட்காமலே, "தூரமுன்னா அம்மா வெள்ளனா போகணும். தங்கச்சிய பிள்ளக் காம்பராவுல நான்தான் விடணும்" என்றான்.

பலகையில் தங்கையும் இல்லை, பிள்ளைக் காம்பராவும் இல்லை. ஆனால் 'அது தூரம்' என்ற இரண்டு சொல்லுக்குள் அவை இருந்தன. அந்த வகுப்பில் அன்று வாசித்தவன் அவன்தான்.

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்கப் பாடசாலை மாணவரிடம் பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் மந்தம் என்று பெயரெடுத்து, ஆனால் பேஸ்போல் நன்கு தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்து ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட அந்தப் பந்தியை நன்றாக விளங்கியிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் இதை எங்கோ படித்தபோது சுவாரசியமான செய்தி என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மிலாறு என்ற சொல்லைக் கேட்டபோதுதான் அது உள்ளே இறங்கியது.

அதற்காகப் பிள்ளைகளுக்குத் தேயிலையைப் பற்றியே வாசிக்கக் கொடுக்கலாமா? கூடாது என்கிறாள் ஆசிரியை. அவர்கள் கடலையும் வாசிக்க வேண்டும், பாலைவனத்தையும் வாசிக்க வேண்டும். ஆனால் விளங்குவது என்றால் எப்படியிருக்கும் என்ற ருசி முதலில் தெரிய வேண்டும். ருசி தெரிந்த பிள்ளை, விளங்காத இடத்தில் ஏதோ குறைகிறது என்று உணரும். மீன் பந்திக்குத் திரும்பும்போது அவள் கடலின் படத்தைக் காட்டினாள். கரைவலை என்றால் என்ன என்று கயிற்றையும் பிள்ளைகளையும் வைத்தே நடித்துக் காட்டினாள். ஹட்டன் மீன் கடையில் மழைக்காலத்தில் நடப்பதைக் கேட்டாள். ஒரு வரி வாசித்ததும் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொன்னாள். விளங்கியதை வீட்டுப் பேச்சில், அப்பாயிக்குச் சொல்வதுபோல் சொல் என்றாள். (நான் என் கதையை அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அந்தச் சொல் என்னைத் தைத்தது.) அதன் பிறகு, அதையே புத்தகத் தமிழில் எழுது என்றாள். இந்த இரண்டு தமிழுக்கும் இடையே பாலம் போட அவள் எடுத்துக்கொண்டது முக்கால் மணித்தியாலம். அதற்குள் முடிந்தது ஒரு பந்தி.

ஒரு பந்திக்கு முக்கால் மணித்தியாலம் என்றால் பாடத்திட்டம் எப்போது முடியும் என்று பெற்றோர் கேட்கின்றார்கள். பக்கத்து வகுப்பில் அதற்குள் மூன்று மாதிரி வினாத்தாள் செய்துவிடுகின்றார்கள். புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் டவுன் பாடசாலை, அங்கிருந்து பல்கலைக்கழகம் என்ற ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகப்பனிடம் போய், உங்கள் பிள்ளைக்கு விளங்குகிறது என்று மட்டும் சொன்னால் போதுமா? நானும் அந்த ஏணியில் ஏறித்தான் பேராதனைக்குப் போய்க் கலைப் பட்டம் வாங்கினேன். ஆகவே எனக்கு இதில் உபதேசம் செய்ய வாயில்லை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை, கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன தாய், கொவிட் காலத்தில் மூடிக்கிடந்த மாதங்கள் இவையெல்லாம் ஓர் ஆசிரியையின் முக்கால் மணித்தியாலத்தால் தீர்ந்துவிடப்போவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒன்று. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டியபோது, அவர் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் எழுதியது யாருக்காக? பெரும்பாலும் எழுத வாசிக்கத் தெரியாத மக்களுக்காக. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடல்களாகப் பாடி அவர்களிடம் கொண்டுசென்றார். சனம் கேட்டு விளங்கிக்கொண்டது. எங்கள் இஸ்தோப்பிலும் அப்பா மாலையில் பத்திரிகையை உரக்க வாசிப்பார். யாராவது நடுவில் "நில்லுங்க அண்ணே, அப்படீன்னா?" என்று கேட்பார்கள். அப்பா பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு விளக்குவார். விளக்கத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்பார். ஒரு பக்கம் வாசித்து முடிக்க விளக்குத் திரி கருகிவிடும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடப்பதுதான் படிப்பு, இது வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முன் ஆசிரியை, "நீங்களும் ஒரு பந்தி கொடுங்கள் மாமா" என்றாள். பலகைக்குப் போய் அந்தக் கடிதத்தை நினைவிலிருந்து எழுதினேன். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அது அநேகமாக அப்படியே வந்தது. ஒரு பாட்டிக்கு இந்தக் கடிதம் வந்திருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியாது, யார் வாசித்துக் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

முதல் நாள் வாசித்த சிறுமிதான் கையை உயர்த்தினாள். அதே குழாய்த் தண்ணீர் ஓட்டத்தில் தொடங்கினாள். 'இக்காரியாலயத்தில்' வரை போனாள். அடுத்த சொல்லில் நின்றாள். வாசிக்கத் தெரியாமல் நிற்கவில்லை, உதடு அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பலகையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"சேர், சமுகமளிக்கன்னா என்னா?"

"வரச் சொல்கிறார்கள். அந்தத் திகதியில் அங்கே வா என்று அர்த்தம்" என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து மிலாறு சொன்ன பையனின் குரல் வந்தது: "அப்பறம் ஏன் சேர், வான்னே எழுதியிருக்கலாமே?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. அவள் பலகைக்குத் திரும்பி, கடிதத்தை முதல் வரியிலிருந்து மீண்டும், இம்முறை மெதுவாக, வாசிக்கத் தொடங்கினாள்.